எட்டையும் ஏற்றச் சொன்னது செல்வராணி இல்லை

நீங்கள் பொய் சொல்கிறீர்கள். மாதம் ஒரு முறை ஏ.சி. அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் முன்னால் சொல்கிறீர்கள். "எங்க கம்பெனியில ஒரு செக்கிங் அம்மா இருந்துச்சுங்க, எட்டு விளக்கு ராணின்னு பேரு" என்று ஆரம்பிக்கிறீர்கள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவரே நீங்கள்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

உங்கள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது மரியாதையால் இல்லை. "நான்தான் அந்த ஆள்" என்று நீங்களே எழுந்து சொல்ல வேண்டும். அதற்காகத்தான் விட்டுவைக்கிறேன்.

இனி புதியவர்களுக்கு. உங்களுக்காகப் போடுகிற தொழில் மலருக்கு என்னை அனுபவம் எழுதச் சொன்னார்கள். ஜாலியாக நாலு சம்பவம், கடைசியில் ஒரு அறிவுரை என்று கேட்டார்கள். எனக்கு ஜாலியாக எழுத வராது. செக்கிங் டேபிளில் நின்றபடி ஆரம்பித்து, தரப் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். முப்பது வருஷம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. எழுதினாலும் கத்துவது போலத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி குழந்தைகள் உடுப்புக் கம்பெனி. ஒரு வருஷம் வெளிநாட்டிலிருந்து விநோதமான ஆர்டர் ஒன்று வந்தது. துணியில் படப் புத்தகம். குழந்தை கடித்தாலும் கிழியாது, அழுக்கானால் துவைத்துக் காயப்போடலாம். யூதர்களின் பண்டிகைகளை வைத்து நான்கு புத்தகங்கள். பனியன் தைக்கிற ஊரில் புத்தகமா என்று எல்லோருக்கும் சிரிப்பு. "ஏனுங்க, இனிமே நாமெல்லாம் எழுத்தாளருங்களா?" என்று கட்டிங் மாஸ்டர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் வந்தது ஹனுக்கா என்ற பண்டிகையின் புத்தகம். எட்டுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீட்டின் ஜன்னலும், ஜன்னலில் ஒன்பது குழி வைத்த ஒரு மெழுகுவர்த்தித் தண்டும். பக்கங்கள் தனித்தனித் துணியாக அச்சாகி வரும். நாங்கள் பரிசோதித்துத் தையலுக்கு அனுப்ப வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் வேலையில் சீல்டு சாம்பிள் என்று ஒன்று உண்டு. வாங்குபவர் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்த ஒரே ஒரு மாதிரி. அதைப் போல இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் ரிஜெக்ட். அதற்கு மேல் பேச்சு இல்லை. எட்டுப் பக்கத்துக்கும் எட்டு மாதிரி வாங்கியிருக்க வேண்டும். வாங்கியது ஒன்று. எந்தப் பக்கத்தில் நிறம் அதிகமோ அதை மட்டும் அனுப்பி ஒப்புதல் வாங்கினால் நேரம் மிச்சம் என்று அனுப்பினார்கள். அது எட்டாவது பக்கம். அதில் எல்லா மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருந்தது. அனுப்பியவர் யார்? வாங்குபவரின் கடிதங்களைப் படித்து எங்களுக்கு வேலை சொல்ல வேண்டிய மெர்ச்சண்டைசிங் மேனேஜர். இப்போது மைக் பிடிப்பவர்.

செல்வராணி அந்த டேபிளில் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். புருஷன் உப்பளத்தில் கால் போய் உட்கார்ந்தபின், கைக்குழந்தையோடு இந்த ஊருக்கு வந்தவள். என்னிடம் வேலை பார்த்த செக்கர்களில் அவள் கண்ணுக்கு ஈடாக ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. துணியை விளக்குக்கு நேரே தூக்க மாட்டாள். மடித்தபடியே விரலால் தடவி "இங்கன ஒரு ஊசி விட்டிருக்கு" என்பாள். அங்கே பின்னலில் ஒரு கண்ணி விட்டிருக்கும்.

ஒரு நாள் காலை அச்சான துணிகள் வந்தன. அவள் அரை மணி நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, சாம்பிள்ல எல்லாக் குழியிலயும் மெழுகுவர்த்தி இருக்கு. இதுல இல்லியே. முதல் பக்கத்துல நடுவுல ஒண்ணும் வலது ஓரத்துல ஒண்ணும்தான். மிச்சமெல்லாம் வெறுங்குழி."

"பிரிண்ட் விட்டுருக்கு. அம்பு ஒட்டு" என்றேன். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம்.

அவள் போகவில்லை. "பிரிண்ட் விட்ட மாதிரி தெரியலக்கா. ரெண்டாம் பக்கத்துல ஒண்ணு கூட இருக்கு. மூணாம் பக்கத்துல இன்னொண்ணு. இந்தா பாருங்க, ஜன்னலுக்கு உள்ள இருக்க ஆளும் கூடிக்கிட்டே வருது. மொதல்ல புள்ளையும் அம்மையும். அப்புறம் ஒரு அத்தை. அப்புறம் ஒரு கெழவரு. பிரிண்ட் விட்டா ஆளும்லா விட்டிருக்கணும்?"

"ஆள் வரும், போகும். விளக்கு எங்கடி போகும்?"

பக்கத்து டேபிளில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அங்கேயே நின்றாள். "ஏதோ கதை மாதிரி இருக்குக்கா. மேனேஜர் சார்ட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

கேட்டேன். அதற்கு முன்னால் பிரிண்டிங்காரரைக் கூப்பிட்டேன். ஊத்துக்குளி ரோட்டில் யூனிட் வைத்திருந்தவர். "ஏனுங்க, பாதி மெழுகுவர்த்தியக் காணமே?" என்றேன். "படமே அப்படித்தானுங்க வந்துச்சு" என்றார். நீங்கள் எந்தப் பிரிண்டிங்காரரிடம் எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் வரும் பதில் இதுதான். நிறம் மாறினாலும் படம், கோணலானாலும் படம். அதனால் நான் நம்பவில்லை. அன்று அவர் உண்மை பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு மேனேஜருக்குப் போன். அவர் வேறொரு வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு பல்லடம் போய்க்கொண்டிருந்தார். "பக்கத்துக்குப் பக்கம் எண்ணிக்கை மாறுதுங்க, ஏதாவது கதை இருக்குதுங்களா?" என்று கேட்டேன். நான் கேட்டது இதே வார்த்தைகள்தான். அவர் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. "வேலை நடக்கற ஃப்ளோருக்குக் கதை எதுக்குங்க அக்கா? சீல்டு சாம்பிள் கையில இருக்குதில்லீங்க, அதும்படி போங்க."

கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. நானும் அதன்படியே போனேன். செல்வராணி தன் ரிப்போர்ட்டில் குறிப்பு எழுதும் இடத்தில் "பக்கத்துக்கு ஒன்று கூடுகிறது, கதையா என்று கேட்கவும்" என்று எழுதிவிட்டுத்தான் அம்பு ஒட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வெறுங்குழிக்கும் ஒரு அம்பு. அந்த ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்துப் போட்டது நான். அதன் நகல் மேனேஜருக்குப் போனது.

துணிகள் பிரிண்டிங்குக்குத் திரும்பிப் போயின. பிரிண்டிங்காரர் முனகிக்கொண்டே எட்டாம் பக்கத்து மெழுகுவர்த்திகளை அச்சிடும் ஸ்கிரீனை வைத்து எல்லாக் குழியையும் நிரப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவரே சொன்னார், "இப்பப் பாருங்க அக்கா, லட்சணமா இருக்குது. பண்டிகைப் படத்துல வெறும் வெளக்கு இருந்தா நல்லாவா இருக்கும்?" எனக்கும் அப்படித்தான் பட்டது. கார்த்திகைக்கு நாம் இருபது விளக்கு வைத்தால் இருபதையும் ஏற்றுவோம். ஒன்று அணைந்தால் ஓடிப்போய் ஏற்றுவோம். பண்டிகை வீட்டில் ஏற்றாத விளக்கை யாராவது வேண்டுமென்றே வரைவார்கள் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தவறு செய்கிறோம் என்ற சந்தேகமே இல்லை. நல்ல காரியம் செய்த நிம்மதி இருந்தது. இந்த நிம்மதியை நம்பாதீர்கள். வேலையில் பெரிய தவறுகள் நடந்த நாட்களில் எல்லாம் எனக்கு இந்த நிம்மதி இருந்திருக்கிறது.

பாதிப் புத்தகம் தைத்து முடிந்த நிலையில், வாங்குபவரின் சார்பில் ஒரு அம்மா ஆய்வுக்கு வந்தார். சென்னைக்காரர். அதிகம் பேசமாட்டார். ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இதுதான் முதல் பக்கமா?"

"ஆமாங்க மேடம்" என்றார் மேனேஜர்.

"முதல் நாளே எட்டும் எரிஞ்சுட்டா, மீதி ஏழு நாளைக்கு அந்தக் குழந்தை எதுக்குங்க காத்திருக்கும்?"

யாருக்கும் புரியவில்லை. அவர் மேஜைமேல் புத்தகத்தை விரித்துவைத்து விளக்கினார். எட்டு நாள் பண்டிகை. நடுவில் உயரமாக இருப்பது மற்றவற்றை ஏற்றிவிடும் மெழுகுவர்த்தி. முதல் நாள் வலது ஓரத்தில் ஒன்று. மறுநாள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தினமும் ஒன்று கூடும். இந்தக் கதையில் தினமும் ஒரு மெழுகுவர்த்தி கூடக்கூட வீட்டுக்கு ஒரு ஆளும் கூடுவார். எட்டாம் நாள் எல்லாம் எரியும்போது தூரத்தில் வேலை பார்க்கும் அப்பா வந்து சேருவார். குழந்தை எண்ணிக்கொண்டே இருப்பது அப்பாவுக்காக. அதுதான் புத்தகம்.

நாங்கள் என்ன செய்திருந்தோம்? முதல் பக்கத்திலேயே அவ்வளவையும் ஏற்றிவிட்டோம். அந்தக் குழந்தை எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

மேனேஜர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "செக்கிங்ல தப்பு நடந்துருக்குதுங்க மேடம். யார் பார்த்தது இது?" என்று திரும்பினார். செல்வராணி டேபிளிலிருந்து வந்தாள்.

"நீதான் அம்பு ஒட்டுனியா?"

"ஆமா சார். ஒட்டுறதுக்கு முன்னாடியே அக்காட்ட கேட்டேன் சார். கதை மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

"ஏம்மா, நீ சர்ச்சுக்குப் போறவதான? பைபிள் படிக்கற உனக்கே தெரியலையா?"

"எங்க பைபிள்ல இந்த எட்டு நாள் கதை இல்ல சார். பஸ்கா கேளுங்க, கூடாரப் பண்டிகை கேளுங்க, சொல்லுதேன். இது எனக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் கேட்டேன்."

அப்போது மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்ககிட்டக் கேட்டுச்சுங்களா?"

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். அவருக்குத் தெரியும். நான் போன் செய்தது அவருக்குத்தான். தெரிந்தே கேட்டார். அவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது: நீ வாயைத் திறந்தால் நீயும் உள்ளே வருவாய். நான் சொன்னேன்: "ஞாபகம் இல்லீங்க."

இரண்டே வார்த்தை. அத்தனை வருஷம் நின்று, அலைந்து, கத்திச் சம்பாதித்த நாற்காலி போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. செல்வராணி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. துணியில் குறை தெரியும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அவள் போனபிறகு மேனேஜர் தன் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். கதை. பக்கம் பக்கமாக, எந்தப் பக்கத்தில் எத்தனை மெழுகுவர்த்தி, எத்தனை ஆள் என்று வாங்குபவரே எழுதி அனுப்பியது. அட்டைப்பெட்டிகளின் அளவு எழுதிய தாளுக்குப் பின்னால் குத்தியிருந்தது. குத்திய இடத்தில் குண்டூசி துருவேறியிருந்தது. "இதும்படி சரி பண்ணீருங்க அக்கா" என்றார். அவ்வளவுதான்.

சரிசெய்தோம். அதை மட்டும் நான் வெட்கப்படாமல் சொல்வேன். தைத்ததைப் பிரித்தோம். எட்டாம் பக்கத்தை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் மறுபடி அச்சடித்தோம். பிரிண்டிங்காரரிடம் நானே நேரில் போய் நின்றேன். "பிரிண்டிங்காரன் ஒரு நாள் நெசம் பேசுனாக்கூட நம்ப மாட்டீங்க" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் விடாமல் திட்டினார். வாங்கிக்கொண்டேன். திட்டிக்கொண்டே ஸ்கிரீன் கழுவினார்.

தையல் ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை செய்தேன். அதுவரை எங்கள் கம்பெனியில் யாரும் செய்யாதது. மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லி, கதையை வாசித்தேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். தமிழில் சொன்னேன். லைன் சூப்பர்வைசர் அதை இந்தியில் சொன்னார். ஐந்தாம் பக்கம் வரும்போது ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் ஒருவர், "பாப்பா கப் ஆயேகா?" என்றார். அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறார். "ஆட்வே தின்" என்றார் சூப்பர்வைசர், எட்டாம் நாள். அந்த டெய்லர் தலையாட்டிவிட்டு, ஏழாம் பக்கத்தையும் எட்டாம் பக்கத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் ஊருக்குப் போய் எத்தனை மாதமோ. அதற்குப்பின் ஒரு புத்தகத்தில்கூடப் பக்கம் மாறவில்லை. யாரும் மேலே நின்று எண்ணவும் வேண்டியிருக்கவில்லை.

கப்பல் போனது. அடுத்த புத்தகம் கூடாரப் பண்டிகையைப் பற்றியது. யூதர்கள் வீட்டு வாசலில் குடிசை போட்டு அதில் ஒரு வாரம் சாப்பிடுவார்களாம். படத்தில் கூரை முழுக்க இடைவெளி. பிரிண்டிங்காரர் போன் செய்தார். "அக்கா, கூரை ஓட்டையா இருக்குது. அடைக்கறதுங்களா, உடறதுங்களா? இந்தத் தடவை கதைய மொதல்லச் சொல்லிப்போடுங்க." கேட்டுச் சொன்னேன். அந்த இடைவெளி வழியாக நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். அடைத்திருந்தால் குழந்தை படுத்துக்கொண்டு எதைப் பார்க்கும்?

பஸ்கா புத்தகம் வந்தபோது சாப்பாட்டு மேஜையில் தட்டையான ரொட்டி இருந்தது. உப்பாத மாவில் சுட்டது, எகிப்திலிருந்து அவசரமாகக் கிளம்பியவர்களின் நினைவாகச் சாப்பிடுவது. எங்கள் டிசைன் பையன் அது பார்க்க அப்பளம் மாதிரி இருக்கிறதே, பன் மாதிரி கொஞ்சம் உப்பலாகப் போடட்டுமா என்று கேட்டான். கேட்டான் பாருங்கள், அதுதான் முக்கியம். வேண்டாம் என்றேன். செல்வராணி அந்த டேபிளில் இருந்திருந்தால் என்னைக் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. அவளுக்குத் தெரிந்த பண்டிகை அது. அவள் இல்லை.

அவள் எங்கே போனாள்? அதற்குள் "எட்டு விளக்கு ராணி" என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய்விட்டது. இந்த ஊரில் செய்தி எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் ஒருத்தன் சொன்னால் மத்தியானத்துக்குள் அவிநாசி வரைக்கும் போகும். செக்கிங் வேலைக்கு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. தைத்த துணியில் தொங்கும் நூலை வெட்டும் வேலைக்குப் போனாள். இன்றைக்கும் அதையேதான் செய்கிறாள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நூல் வெட்டுகிறாள்.

இது எதையும் நான் எழுதியிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன். ஓய்வுபெற்று நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெனினா. செல்வராணியின் மகள். ஆடைத் தொழில் டிப்ளமா முடித்துவிட்டு, மெர்ச்சண்டைசர் ஆவதற்கு அந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

"மேடம், எங்க அம்மாவ உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்" என்றேன். உள்ளே வரச் சொன்னேன். அவள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"வகுப்புல சார் ஒரு கதை சொன்னாவ. தூத்துக்குடிக்காரி ஒருத்தி, எண்ணத் தெரியாம, யாரையும் கேக்காம எட்டையும் ஏத்திட்டான்னு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சிட்டேன் மேடம். செல்வராணின்னு முழுப் பேரைச் சொன்ன பெறவுதான் தெரிஞ்சுது. எங்கம்மா கேட்டாளா, கேக்கலையா? அத மட்டும் சொல்லுங்க."

"கேட்டா" என்றேன்.

"யாருட்ட?"

"என்கிட்ட."

அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மேனேஜருக்குப் போன் செய்தேன். பல வருஷத்துக்குப் பிறகு.

"அக்கா! எப்படி இருக்கறீங்க? மூட்டு வலியெல்லாம் தேவலைங்களா?"

"அந்த எட்டு விளக்குக் கதைய இனிமே சொல்லாதீங்க."

"அட, அது சும்மா ஒரு கதைங்க. பசங்க சிரிச்சாத்தான் பாடம் மனசுல நிக்கும்."

"அவ மக உங்க வகுப்புலதான் உக்காந்துருக்கறா."

"அப்படீங்களா? எனக்குத் தெரியாதுங்க. சரி உடுங்க, பேர மாத்திச் சொல்லிக்கறேன்."

"பேர மாத்த வேண்டாம். நடந்ததச் சொல்லுங்க. கதைத் தாள் உங்க ஃபைல்ல இருந்துச்சு, அவ கேட்டா, நான் உங்களக் கேட்டேன், நீங்க சாம்பிள்படி போகச் சொன்னீங்க. அதச் சொல்லுங்க."

அவர் குரல் மாறவில்லை. மரியாதையும் குறையவில்லை. அதுதான் அவர் திறமை. "அக்கா, பழசக் கிளறினா யாருக்கும் நல்லதில்லீங்க. அந்த ரிப்போர்ட்டுல உங்க கையெழுத்தும் இருக்குதுங்க. 'ஞாபகம் இல்லீங்க'ன்னு சொன்னதும் நீங்கதானுங்க."

ஆமாம். கையெழுத்து என்னுடையது. பொய்யும் என்னுடையது. மேலே எழுதிவிட்டேன், இந்த ஊரில் எல்லோரும் படித்துக்கொள்ளட்டும். இனி என்னை மிரட்ட உங்களிடம் வேறு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். நாற்காலி போய்விடும் என்றுதான் அன்று வாயை மூடினேன். இப்போது என்னிடம் இருப்பது பிளாஸ்டிக் சேர். எடுத்துக்கொண்டு போங்கள்.

பிறகு செல்வராணியைப் பார்க்கப் போனேன். அவள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தாள். சட்டையெல்லாம் நூல் துண்டுகள். மன்னிப்புக் கேட்டேன். "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"இங்கன கேட்டுல நின்னு என்கிட்ட சொல்லி என்னக்கா பிரயோசனம்? எனக்கு அப்பமே தெரியும்லா நீங்க பொய் சொன்னீயன்னு. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

"சொல்றேன். எழுதறேன்."

"எழுதுங்க. ஆனா அவரையும் சொல்லச் சொல்லுங்க. என் மக அந்த வகுப்ப விட்டு நிக்கப் பாத்தா. நான்தான் நிக்காத, போயி உக்காருன்னு சொன்னேன். அவ அங்க உக்காந்திருக்கும்போதே அவரு சொல்லணும். எம்பேரக் கெடுத்தது மைக்குல. சரி பண்ணுறதும் மைக்குலதான்." பிறகு சட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, "பெல் அடிச்சிட்டாவ" என்று உள்ளே போனாள்.

புதியவர்களே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் நீங்களும் சிரித்தீர்கள். அதில் குற்றம் இல்லை, கதையை அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நாளைக்கு உங்கள் டேபிளுக்கு ஒரு செக்கர் வந்து "இது வேற மாதிரி இருக்கே" என்று சொல்லும்போது, கப்பலுக்கு ஒன்பது நாள்தான் இருக்கும். மேலே ஒருவர் அதன்படி போ என்பார். அந்தப் பெண்ணை நிற்கவையுங்கள். மெஷினையும் நிற்கவையுங்கள். செய்கிற பொருள் எதற்கு, யார் கையில் போகப்போகிறது என்று தெரியாமல் அது சரியா தவறா என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. முத்திரை வைத்த சாம்பிள் ஒரு பக்கத்துக்குத்தான் பேசும். மற்ற ஏழு பக்கத்துக்கு ஆள்தான் பேச வேண்டும். பிறகு ஏதாவது தப்பாகி, "உன்னிடம் கேட்டாளா?" என்று உங்களைக் கேட்டால், கேட்டாள் என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். இந்த ஊரில் கம்பெனிக்குப் பஞ்சமில்லை. நான் சொல்லாமல் விட்டதைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பளை இத்தனை வருஷம் நூல் வெட்டுகிறாள்.

மேனேஜர் அவர்களே, உங்கள் அடுத்த வகுப்பு எப்போது என்று எனக்குத் தெரியும். பெனினா அங்கே இருப்பாள். நான் அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். செல்வராணிக்கு அன்று போகும் நாள் கூலியை நான் தருகிறேன் என்றேன், வேண்டாம், லீவு போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். முதல் வரிசையில் உட்காருவோம். நான் எந்த இடத்தில் எழுந்து "நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல வேண்டுமோ அந்த இடத்தில் எழுந்து சொல்வேன். அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கதைத் தாள் உங்கள் கையில் இருந்ததா, இல்லையா? அவள் எழுதிய குறிப்பு உங்கள் மேஜைக்கு வந்ததா, இல்லையா? தனியாகப் போனில் வேண்டாம். எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைகள் முன்னால், செல்வராணியின் முகத்தைப் பார்த்து, மைக்கில் பதில் சொல்லுங்கள்.